மூன்றாவது கூட்டுக்குள் செத்த நீர்நாய்

அந்த நீர்நாயைக் கொன்றது நீங்கள்தான், அண்ணை. நான் இல்லை. கொப்பியில் இருக்கும் கையெழுத்து என்னுடையது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கூட்டைப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தவர் நீங்கள்.

வாசிப்பவர்களுக்கு ஆளை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் எழுதமாட்டேன். அவர் எனக்கு உறவில்லை. லண்டனில், மனோர் பார்க்கில் ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறையில் இருந்தோம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், அதனால் அண்ணை. மீன் பண்ணையில் எனக்கு வேலை எடுத்துத் தந்தவரும் அவர்தான். அந்த நன்றிக்காகத்தான் இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன். இனி இருக்க முடியாது.

பண்ணை லண்டனின் வடகிழக்கு ஓரத்தில், லீ ஆற்றின் கரையில் இருந்தது. இரண்டு பஸ் மாறி, இறங்கிய பிறகு இருபது நிமிடம் சேற்றுப் பாதையில் நடக்கவேண்டும். நான் எண்பதுகளின் கடைசியில் இந்த நாட்டுக்கு வந்தவன். முதலில் கோழிக்கடை, பிறகு பெட்ரோல் ஷெட், அதற்குப் பிறகு இந்த மீன். ஆற்றங்கரையில் ஒரு நீளக் கொட்டில். அதற்குள் தட்டுத் தட்டாக ட்ரவுட் மீனின் முட்டைகள், மேலே ஓயாமல் ஓடும் குளிர்ந்த தண்ணீர். செத்த முட்டை வெள்ளையாக மாறிவிடும். அதைச் சின்னக் குறட்டால் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். விட்டால் பூஞ்சணம் பிடித்துப் பக்கத்து முட்டைகளையும் அழித்துவிடும். எட்டு மணி நேரம் இதுதான் வேலை. விரல்கள் விறைத்துப் போகும். வெளியே நான்கு குளங்கள். அவற்றில் பெரியதில் முட்டைக்காக வளர்க்கும் தாய் மீன்கள் இருந்தன. ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் இலையுதிர்காலத்தில், அந்தத் தாய் மீன்கள் செத்துக் கரையில் கிடக்கத் தொடங்கின. கழுத்தும் வயிறும் மட்டும் தின்னப்பட்டிருக்கும். மிச்சம் அப்படியே கிடக்கும். முதலாளி வந்து பார்த்துவிட்டு மிங்க் என்றார். மிங்க் என்பது கீரியைப் போன்ற ஒரு பிராணி. தோலுக்காக அடைத்து வளர்க்கப்பட்டவை தப்பி ஓடி ஆற்றங்கரை முழுவதும் பெருகிவிட்டன என்று கங்காணி சொன்னான். கங்காணி ஒரு வெள்ளைக்காரக் கிழவன். நல்லவன், ஆனால் எதையும் முழுதாகச் சொல்லமாட்டான்.

மூன்று கம்பிக் கூடுகள் வைத்தார்கள். உள்ளே ஒரு மீன் தலை இருக்கும். பிராணி உள்ளே போய்த் தட்டை மிதித்தால் கதவு விழும். இரண்டு கூடுகள் ஒரே அளவு. மூன்றாவது, வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்தில் வைத்தது, மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நீளம். ஏன் அது மட்டும் பெரிது என்று கங்காணியிடம் கேட்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதலாளியிடம் கேள் என்றான். நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

கொட்டில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்கு முன் மூன்று கூடுகளையும் பார்க்கவேண்டும். மிங்க் இருந்தால் கங்காணியைக் கூப்பிட வேண்டும், அவன் காற்றுத் துப்பாக்கியால் சுடுவான். நீர்நாய் இருந்தால் கதவைத் திறந்து உடனே விட்டுவிட வேண்டும். நீர்நாயைக் கொல்வது இந்த நாட்டில் குற்றம். தாளில் இரண்டு பிராணிகளின் படமும் இருந்தது. ஒன்று பெரிது, மற்றது சிறிது என்று எழுதிவிட்டு இரண்டையும் ஒரே அளவில் வரைந்திருந்தார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. நான் பிறந்த ஊரில் ஆறே இல்லை. நீர்நாயை நான் எங்கே கண்டேன்?

கூடு பார்ப்பது என் பொறுப்பு. பார்த்த பிறகு ஒரு கொப்பியில் மூன்று சரி அடையாளம் போட்டுக் கையெழுத்து வைக்கவேண்டும்.

அந்த நேரம் என் தலைக்குள் இருந்தது ஒரே ஒரு விஷயம். என் மனைவி கொழும்பில், வெள்ளவத்தையில், தன் சின்னம்மா வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். கல்யாணம் முடிந்து நாங்கள் சேர்ந்து இருந்தது பதினோரு நாள். அவளை இங்கே எடுப்பதற்கு மனுப் போட்டிருந்தேன். வக்கீலின் அலுவலகத்தில் வேலை செய்த தமிழ் அக்கா ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்லுவா: "தம்பி, முடிவு வரும் வரைக்கும் பொலிஸ் பக்கம் தலைவைச்சும் படுத்திடாதை. ஒரு சின்னக் கேஸ் எண்டாலும் எல்லாம் நிண்டுபோகும்."

நான் பெரிய பக்தன் இல்லை. ஆனால் அந்த வருடம் அவளுடைய விசாவுக்காகக் கந்தசஷ்டி விரதம் பிடித்தேன். ஆறு நாள், பின்னேரம் ஒரு முறை பாலும் பழமும். விரதத்தில் இருந்துகொண்டு ஓர் உயிரைச் சாவுக்குக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணையிடம் கேட்டேன்.

"அண்ணை, ஆறு நாளைக்குக் கூடு பாக்கிற வேலையை நீங்கள் செய்யிறியளோ? உங்கட தட்டுகளையும் சேத்து நான் பாக்கிறன்."

"ஏன், நீயே சுடப்போறாய்? கிழவன்தானே சுடுறவன்."

"நான் போய்ச் சொன்னாத்தானே அவன் சுடுவான்."

"முருகன் மயில்தான் வைச்சிருக்கிறார் தம்பி, மிங்க் வைச்சிருக்கேல்லை." சிரித்தார். "சரி, பாக்கிறன். ஆனால் கொப்பியிலை நீயே கையெழுத்தை வை. ஆளை மாத்தினால் கிழவன் ஆயிரம் கேள்வி கேப்பான்."

அது எங்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் அப்படித்தான் வேலை செய்தோம். ஷிப்டுக்கு வர ஏலாதவனின் வரவுக் கார்டை வந்தவன் அடிப்பான். ஒருவனின் காப்புறுதி நம்பரில் மூன்று பேர் வேலை செய்வார்கள். அண்ணையே பண்ணையில் இருந்தது வேறு ஒருவரின் பெயரில்தான். அவருடைய அகதி மனு நிராகரிக்கப்பட்டு அப்பீலில் கிடந்தது. வெள்ளைக்காரர் கூப்பிட்ட பெயருக்கு நாலு வருடமாகத் திரும்பிப் பார்த்து, கடைசியில் வீட்டிலும் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நிமிடம் யோசிப்பார். கையெழுத்து என்பது எங்களுக்கு ஒருவருக்கொருவர் செய்யும் உதவி. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்தோம். அந்த நினைப்பில் எவ்வளவு முட்டாள்தனம் இருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் மத்தியானம் கேட்டேன். "ஒண்டுமில்லை, வை கையெழுத்தை" என்றார். வைத்தேன். இரண்டாம் நாள் முதலாவது கூட்டில் ஒரு மிங்க் விழுந்தது. கிழவன் சுட்டான். அண்ணை எனக்கு அதைச் சொல்லாமல் விட்டார், வேறு ஆள் சொல்லித்தான் தெரியும். ஆகவே அவர் கூடுகளைப் பார்க்கப் போனார், அன்றாவது போனார். மூன்றாம் நாள், நான்காம் நாள், ஒன்றுமில்லை.

ஐந்தாம் நாள் அவர் வழமையைவிடப் பிந்தி வந்தார். வலது கையில் இரண்டு விரலுக்கு பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்.

"என்ன அண்ணை கையிலை?"

"முள்ளு."

"கூட்டிலை ஏதும் இருந்ததோ?"

"வெறுங்கூடு. உனக்குப் பசியிலை கண்டதெல்லாம் சந்தேகம். வை கையெழுத்தை."

வைத்தேன்.

ஆறாம் நாள் சூரன் போர். அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகவேண்டும் என்ற அவசரத்தில், அவரிடம் கேட்காமலே மூன்று சரி போட்டுக் கையெழுத்தையும் வைத்துவிட்டுப் போனேன். இது என் பிழை. இதை நான் ஒளிக்கப்போவதில்லை. மனோர் பார்க் கோயிலில் சனத்துக்குள் நெரிபட்டு நின்று, மனைவி வரவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பிராணி கூட்டுக்குள் உயிரோடு இருந்ததா, செத்துவிட்டதா? எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

ஏழாம் நாள் காலை நானே போனேன். மூன்றாவது கூட்டின் கதவு விழுந்திருந்தது. உள்ளே ஒரு பிராணி பக்கவாட்டில் கிடந்தது. வாலோடு பூனையைவிட ஒன்றரை மடங்கு நீளம். அடியில் தடித்து நுனியில் மெலிந்த வால். கால் விரல்களுக்கு நடுவே தோல். அப்போதுதான், அந்த இடத்திலேயே, இரண்டு படத்துக்கும் வித்தியாசம் எனக்கு விளங்கியது. வாயைச் சுற்றி இரத்தம் காய்ந்திருந்தது. கம்பியைக் கடித்துக் கடித்துப் பல் உடைந்திருந்தது. கூட்டின் ஒரு மூலையில் கம்பிகள் வெளிப்பக்கம் வளைந்திருந்தன. உள்ளே வைத்த மீன் தலை தொடப்படாமல் அப்படியே கிடந்தது.

கிழவனைத் தேடினேன், அவன் வந்திருக்கவில்லை. அந்த நேரம் மூளை உள்ளவன் என்ன செய்திருப்பான் என்று பலர் பிறகு எனக்குச் சொன்னார்கள். புதைத்திருப்பான், ஆற்றில் விட்டிருப்பான். நான் கூட்டோடு தூக்கித் தள்ளுவண்டியில் வைத்து நேரே முதலாளியின் அலுவலகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

அலுவலகத்தில் முதலாளியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஆற்றின் மேல்பகுதியில் நீர்நாய்களைக் கொண்டுவந்து விட்டவர்களில் ஒருத்தி. கரையோரக் கல்லுகளில் அவற்றின் எச்சத்தைத் தேடித் திரிபவள். பண்ணைக் கரையில் நடக்கவிட்டதற்காக முதலாளிக்கு நன்றி சொல்ல வந்திருந்தாளாம். அந்த நேரம் பார்த்து நான் வண்டியோடு போய் வாசலில் நின்றேன்.

அவள் கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்து, சேற்றில் முழங்காலில் இருந்து, கம்பிக்குள்ளால் விரலை விட்டு அந்த மயிரைத் தொட்டாள். பெட்டை என்றாள். அழுதாள். எங்கள் ஊரில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. பிறகு அந்தப் பல்லைப் பார்த்தபோது அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முதலாளி என்னைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார். பிறகு அவளிடம் சொன்னார்: கூடு மிங்குக்கு வைத்தது, ஒவ்வொரு நாளும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், கொப்பியில் இருக்கிறது. கொப்பி வந்தது. ஆறு நாளும் என் கையெழுத்து.

மிங்குக்கு வைத்த கூடு ஏன் அவ்வளவு நீளம் என்று அந்தப் பெண் கேட்டாள். அவர் கொப்பியை மூடினார், அவள் பொலிசுக்குப் போன் எடுத்தாள். மீனைத் தின்பது நீர்நாய் என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருந்தது என்று நான் நினைக்கிறேன். ஓசைப்படாமல் பிடித்து வேறு எங்கேயாவது கொண்டுபோய் விடும் எண்ணமாக இருந்திருக்கலாம். அவர் செத்துப்போய்விட்டார், இனிக் கேட்க முடியாது.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அண்ணை எனக்குப் பக்கத்தில் இருந்தார். என் கையைப் பிடித்தார்.

"தம்பி, என்ர பேரைச் சொல்லிப்போடாதை."

"நீங்கள் பாத்தனீங்களோ இல்லையோ?"

"பாத்தனான். வெறுங்கூடு."

"பிறகு எப்பிடி அண்ணை? கிழவன் சொல்லுறான் செத்து ஒரு நாள்தான் இருக்கும், அதுக்கு முதல் ஒரு நாளாவது உள்ளுக்குக் கிடந்திருக்கும் எண்டு."

"கிழவன் என்ன டொக்டரோ? தம்பி, கேள். எனக்கு இஞ்சை பேரே இல்லை. பொலிஸ் வந்து என்னை விசாரிச்சால் அடுத்த கிழமை பிளேன்தான். உனக்கு விசா இருக்கு. உன்னை என்ன செய்வாங்கள்? ஒரு பேச்சுப் பேசிப்போட்டு விடுவாங்கள்."

"எனக்கு அவளை எடுக்கவேணும் அண்ணை."

"எடுப்பாய். ஆர் ஒரு மிருகத்துக்காக மனுசியை நிப்பாட்டப் போறான்?"

அந்தப் பிளாஸ்டர் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. முள்ளுக் குத்தினால் இரண்டு விரலிலும் ஒரே நேரத்தில் குத்துமா? பிராணி உள்ளே இருப்பதைக் கண்டு, கதவைத் திறக்கப் போய்க் கடி வாங்கி, பயந்து ஓடி வந்தாரா? அல்லது, போகாதே, நான் வந்து எடுக்கிறேன் என்று முதலாளி சொன்னாரா? அல்லது உண்மையிலேயே முள்ளா? கூட்டுப் பக்கமே போகாமல் எங்கேயாவது நின்று சிகரெட் பிடித்துவிட்டு வந்தாரா? கேட்க வாய் வரவில்லை. கேட்டுப் பதில் தெரிந்தால் பொலிஸில் பொய் சொல்வது இன்னும் கஷ்டம் என்று நினைத்தேனோ, என்னவோ.

பொலிஸ் நிலையத்தில் மொழிபெயர்க்கத் தமிழ்நாட்டு அம்மா ஒருவர் வந்திருந்தார். பட்டுப்போன்ற புடவை, கையில் குடை. அவருக்கு என் தமிழ் பாதிதான் பிடிபட்டது, எனக்கு அவருடையது முழுதும் விளங்கியது.

"ஓட்டர்னு சொல்றாங்கங்க. நீர்நாய். பாத்திருக்கீங்களா?"

"செத்தபிறகுதான் பாத்தனான். நீங்கள்?"

"நான் மெட்ராஸ்ங்க. எங்க பாக்கறது?"

பொலிஸ்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்: அந்த நாட்களில் கூட்டைப் பார்த்தாயா?

நான் என்ன சொல்ல? பார்த்தேன் என்றால், உள்ளே கிடந்ததை ஏன் விடவில்லை? வேண்டுமென்று கொன்றதாகிவிடும். பார்க்கவில்லை என்றால், ஏன் கையெழுத்து? உண்மையைச் சொன்னால் அண்ணை பிளேன் ஏறவேண்டும். கடைசியில், விரதக் களைப்பில் நடக்க ஏலாமல் இருந்தது, பார்க்காமலே கையெழுத்து வைத்தேன் என்றேன். அந்த அம்மா அதை மொழிபெயர்க்கும் முன் என் முகத்தை ஒரு முறை பார்த்தார். "நிஜமாவா சொல்றீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். ஓம் என்றேன்.

ஒப்புக்கொண்டதால் கோர்ட் இல்லை, எழுத்தில் ஓர் எச்சரிக்கை என்றார்கள். கையெழுத்து வைத்துவிட்டு, தப்பினேன் என்று நினைத்து வெளியே வந்தேன். வக்கீல் அலுவலகத்து அக்காவிடம் சொன்னபோது அவ பேனையை மேசையில் போட்டுவிட்டா. "இதிலை ஏன் கையெழுத்து வைச்சனீ? இது குற்றத்தை ஒப்புக்கொண்டதெல்லோ. விசாக்காரர் கேட்டால் நாங்கள் மறைக்க ஏலாது."

கேட்டார்கள். கடிதம் வந்தது. பதில் எழுதினோம். மறுபடியும் கடிதம். என் மனைவி வந்து சேர மேலும் இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது. நீர்நாயால்தான் பிந்தியதா, சும்மாவே பிந்தியிருக்குமா? எந்தக் கடிதத்திலும் அதை நேராக எழுதவில்லை. அந்த இரண்டு வருடத்தில் வெள்ளவத்தையில் அவளை இரண்டு முறை பிடித்துக்கொண்டுபோய் ஸ்டேஷனில் வைத்து விசாரித்தார்கள். என்ன கேட்டார்கள் என்று அவள் இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. நானும் ஏன் பிந்தியது என்று அவளிடம் சொல்லவில்லை. லண்டனில் எல்லாம் பிந்தும் என்று சொல்லிவைத்தேன்.

அண்ணைக்கு அப்பீல் வென்றது. நல்லது. சொந்தப் பெயர் திரும்பக் கிடைத்தது, பிறகு பாஸ்போர்ட், இல்ஃபோர்ட்டில் இரண்டு கடை. எனக்கு அதில் பொறாமை இல்லை.

சென்ற மாதம் அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருநூறு பேருக்கு மேல். நானும் மனைவியும் போனோம். சாப்பாட்டுக்கு முன் மைக்கை எடுத்துப் பழைய கதைகள் சொன்னார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு என்னைக் கைகாட்டினார்.

"இவரைத் தெரியுமோ? லண்டனிலை நீர்நாயைக் கொன்ற ஒரே தமிழன்! முருகனுக்கு விரதம், உயிரைக் கொல்லமாட்டன் எண்டு சொல்லிச் சொல்லி, கூட்டைப் பாக்காமலே கையெழுத்து வைச்சு, அதைப் பட்டினி போட்டே கொன்றுபோட்டார்! பொலிஸ் பிடிச்சு, பேப்பர் எழுதி, பாவம் மனுசி அங்கை கொழும்பிலை வருசக் கணக்கா இருந்தவ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்ன செய்வதென்று தெரியாமல். என் மனைவி சிரிக்கவில்லை. சாப்பிடவுமில்லை.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் நின்றபடி கேட்டாள். "உண்மையோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். விரதம், கை மாற்றிய வேலை, பிளாஸ்டர், பஸ். கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்து உங்கடதானே?"

"ஓம்."

"பாக்கேல்லை எண்டு பொலிசுக்குச் சொன்னதும் நீங்கள்தானே?"

"ஓம். அவருக்காகச் சொன்னது."

"அப்ப அவர் சொன்னது நீங்கள் சொன்னதைத்தானே. ரெண்டிலை எது பொய் எண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

பண்ணை மூடிவிட்டது. கொப்பி எங்கேயென்று தெரியாது. கிழவன் எங்கேயென்று தெரியாது. நான் சொன்ன பொய் எழுத்தில் இருக்கிறது. உண்மைக்குச் சாட்சி ஒரே ஒரு ஆள்தான்.

அவரைத் தேடிக் கடைக்குப் போனேன். சனம் நின்றது. "பகிடிக்குச் சொன்னதை ஏன் தம்பி தூக்கிப் பிடிக்கிறாய்? ஒரு ரோல்ஸ் சாப்பிடு" என்று தட்டை நீட்டினார். உள்ளே வாருங்கள், தனியாகக் கதைப்போம் என்றேன். தனியாக என்றால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளத் தயார் என்பதுபோல் கண்ணைச் சிமிட்டினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தனியாகச் சொல்வதை வைத்து நான் என்ன செய்ய? அந்த இரவிலிருந்து என் மனைவி பக்கத்து அறையில் படுக்கிறாள்.

அண்ணை, இப்போது உங்களிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, உங்களை யாரும் எங்கேயும் அனுப்பமாட்டார்கள். நீங்கள் மூன்றாவது கூட்டுக்குப் போகவில்லையா, போய் அது உயிரோடு நிற்பதைக் கண்டுவிட்டுத் திரும்பி வந்தீர்களா, அல்லது முதலாளி அதைத் திறக்கவேண்டாம் என்று சொன்னாரா? நான் முதல் வரியில் கொன்றது நீங்கள் என்று எழுதியது பிழையென்றால் அதையும் சொல்லுங்கள், நான் மன்னிப்புக் கேட்கிறேன். போன் எடுக்கவேண்டாம், ஆள் அனுப்பவேண்டாம். என் மனைவி இந்த இதழை வரிக்கு வரி வாசிப்பவள். பதிலை இதிலேயே, உங்கள் சொந்தப் பெயரைப் போட்டு எழுதுங்கள்.